சுவருக்கு இந்தப் பக்கம்

இரவெல்லாம் மினசோட்டாவின் வடக்குச் சாலைகளில்
பனியை வழித்துத் தள்ளிவிட்டு
வீடு திரும்பும்போது மணி ஏழே முக்கால்.
நான் பூட்ஸைக் கழற்றுவதற்குள்
மேசைமேல் மெழுகுவத்தி எரியும்.
எங்கள் வீட்டுப் பள்ளிக்கு அதுதான் மணி.

ஓட்ஸ் கஞ்சி, கொஞ்சம் மேப்பிள் பாகு.
இவார் கோழிகளுக்கு வெந்நீர் வைத்துவிட்டு
மூக்கு சிவக்க ஓடிவருவான்.
தோரா ஜன்னலில் வந்த குருவிகளை எண்ணி
நோட்டில் எழுதுவாள்.
நேற்று பதினொன்று, ஒரு மரங்கொத்தி.
லின்னேயாவுக்கு ஆறு வயது.
பாடம் முடிந்ததும் திரியை ஊதி அணைப்பது அவள் உத்தியோகம்.

பிறகு சிக்னே புத்தகத்தைத் திறப்பாள்.
நான் சுவருக்கு இந்தப் பக்கம், போர்வைக்குள்.

இந்தக் குளிர்காலத்தில் ஓர் ஓடக்காரன்,
அவனுடைய ஒற்றைக்கண் கோவேறு கழுதை, பெயர் பார்லி.
ஓர் அத்தியாயமும் நான் முழுதாய்க் கேட்டதில்லை.
அவன் கயிற்றை அவிழ்ப்பான்,
நான் தூங்கிப்போவேன்.
விழித்தால் மதியம்.
அடுக்களையில் ஓர் ஆப்பிள்
அரையாகி, காலாகி, அரைக்காலாகிக்கொண்டிருக்கும்.

என் பள்ளிக்கூடத்தில்
ஆளுக்கொரு பத்தி உரக்க வாசிக்க வேண்டும்.
எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணி
என் பத்தியில் எந்தச் சொல் என்னைக் கவிழ்க்கும் என்று
தேடிக்கொண்டிருப்பேன்.
கதை எதைப் பற்றி?
இன்றுவரை தெரியாது.

இங்கே கேள்வித்தாள் கிடையாது.
கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும்.
ராத்திரிச் சாப்பாட்டில் அதைக் கேட்டுக்கொள்ளும் வேலை எனக்கு.
இவார் ஆற்றின் அகலம் சொல்வான்.
தோராவுக்கு ஓடக்காரன் மனைவியின் கோபம் முக்கியம்.
லின்னேயா எப்போதும் கழுதையிடமிருந்து தொடங்குவாள்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன்:
"பனிக்கட்டிமேல் நின்றதே, பார்லி என்ன ஆச்சு?"
தோரா உருளைக்கிழங்கைப் பார்த்தாள்.
இவார் தண்ணீர் குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான்.
"தாண்டிடுச்சுப்பா," என்றாள் லின்னேயா,
"மெதுவா, ஒவ்வொரு காலா."
சிக்னே எழுந்து ரொட்டி எடுக்கப் போனாள்.
ரொட்டி மேசையிலேயே இருந்தது.

அன்றிரவு புத்தகம் என் சாப்பாட்டுப் பையில் வந்தது.
நான்தான் வைத்தேன்.
மூன்று மணிக்கு, உப்புக் கிடங்கின் ஓரம்,
என்ஜினை அணைக்காமல்,
மேல்விளக்கின் மஞ்சளில்
விரலை வைத்து வைத்து வாசித்தேன்.
நாலு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.
யாரும் எனக்கு முன்னால் வரிசையில் இல்லை.

கழுதை தாண்டவில்லை.

கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
மீதிச் சாலைக்கு உப்புத் தூவினேன்.
ஒரு மான் குறுக்கே வந்து நின்றது.
அது போகும்வரை ஹாரன் அடிக்கவில்லை.

காலையில் சிக்னே பக்கத்தை விரித்தபோது
மடிப்பிலிருந்து உப்புக்கற்கள் உதிர்ந்தன.
மேசையில் நாலைந்து, பொடியாக.
லின்னேயா ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் குளிர்கிறது என்று சொல்லி
அறைக்குள் போய்விட்டேன்.
அன்று சுவருக்கு அந்தப் பக்கம்
வாசிப்பு தொடங்கக் கொஞ்சம் நேரமானது.

ராத்திரி, பட்டாணி சூப் ஆறுவதற்குள் கேட்டேன்:
"அந்தக் கழுதை ஆற்றைத் தாண்டினதை
இன்னொரு தடவை சொல்லேன்."

அவள் கரண்டியை வைத்தாள்.
தாண்டியது, என்றாள். ஆனால்
ஒரு காது பனியில் விறைத்துப்போச்சு,
இனி அந்தக் காது கேட்காது.

நான் தலையாட்டினேன்.

"அக்கரையில வைக்கோல் இருந்துச்சு,"
என்றான் இவார்,
யாரையும் பார்க்காமல்.