தரிசு நேரம்

ஸ்டொக்போர்ட்டில், ரயில் பாலத்தடிச் சரிவில்,
கீழே சாவி வெட்டும் கடை,
மேலே நாங்கள், பல் பிடுங்குகிறவர்கள்.
ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு திரிகையில்
‘ஆ காட்டுங்கள்’ என்று சொல்லிச்
சம்பளம் வாங்கும் நாலு பேர்.

மார்ச்சில் பூட்டி ஜூனில் திறந்தபோது
முதலில் என் முகத்துக்குப் பரீட்சை வைத்தார்கள்.
தலையில் ஒரு கூட்டைக் கவிழ்த்து
உள்ளே கசப்பை விசிறினார்கள்.
கசந்தால் காற்று புகுகிறது, தோல்வி.
மூன்று மாஸ்க்கிலும் கசந்தது.
யாருடைய மூக்கை அளந்து செய்தார்களோ.
நாலாவதில் ஒன்றுமே தெரியவில்லை.
நாக்கு நிம்மதியாய் இருக்க, கண் கலங்கிற்று.

ட்ரில் சுற்றும்போது வாயிலிருந்து தூறலொன்று எழும்.
வெயில் விழும் நாளில் மட்டும் கண்ணுக்குத் தெரியும்,
அழகாய்க்கூட இருக்கும்.
அது படியும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது.
கதவில் நேரம் எழுதி ஒட்டுவேன்.
சுற்றறிக்கையில் அதற்குப் பெயர் தரிசு நேரம்.
நாற்காலி மல்லாந்து கிடக்கும்.
விளக்கு, இல்லாத வாயொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
நான் மாடிப்படியில் இருந்து
தண்ணீர்ப் போத்தலைப் பார்ப்பேன், குடிக்காமல்.

அன்று ஓமரோட்.
ஏழு கிழமை வலியை விஸ்கியால் கொப்பளித்தவர்.
ஒருநாள் குறட்டையும் எடுத்தாராம்,
கண்ணாடி முன் நின்று, கை நடுங்கி, வைத்துவிட்டாராம்.
கடைவாய்ப் பல் இரண்டாய்ப் பிளந்து வந்தது.
பத்து ஐம்பத்தைந்துக்குக் கதவைச் சாத்தினேன்.
பதினொன்று ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில்
கார்கள் நிற்கும் இடத்தில், மழையில்,
காதைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.
மாஸ்க்கின் நாடா கொழுவி
காதுக் கருவியைப் பிடுங்கியிருக்கிறது.
கதவுக் கண்ணாடியால் பார்த்தேன்.
நாற்காலிக் காலடியில், முந்திரிப் பருப்பளவு.
ஆறு அடி.
ஐம்பது நிமிடம்.

கீழே போய்ச் சொன்னேன். கேட்கவில்லை.
உரத்துச் சொன்னேன்.
மாஸ்க்குக்குள் என் இங்கிலீஷ் எனக்கே விளங்கவில்லை.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
முப்பத்திரண்டும் இருந்தும், உதடு மறைந்தால்
அதேதான்.
அவர் தன் வாயைத் தொட்டார்,
பிறகு என் வாயை நோக்கி விரலை நீட்டினார்:
காட்டு.

வாசற்கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
மாஸ்க்கை இறக்கினேன்.
பதினோரு வருசம் பிறர் வாய்க்குள் பார்த்தவளுக்கு
வெட்கமாய்ப் போயிற்று.
முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு நீக்கல்,
இங்கேயே வேலை செய்தும் அடைக்காமல் விட்டது.
மெல்ல, சத்தமில்லாமல், உதட்டால் சொன்னேன்:
பத்திரமாய் இருக்கு. காற்று படியட்டும்.

அவர் தலையாட்டினார்.
விறைத்த பாதி முகம் அப்படியே இருக்க
மறுபாதி சிரித்தது, பஞ்சைக் கடித்தபடி.
பிறகு என்ன சொல்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
என் மூச்சு கண்ணாடியில் படிந்து வாயை மறைத்தது.
துடைத்தேன். திரும்பப் படிந்தது.
அவர் போய் சாவிக் கடையின் கூரைக்கீழ் நின்றார்.
நான் மாஸ்க் மாற்றி, கண்ணாடியை
மருந்து போட்டு இரண்டு தரம் துடைத்தேன்.

பதினொன்று ஐம்பத்தைந்து.
ஏப்ரன் கட்டி, கையுறை போட்டு, குனிந்து எடுத்தேன்.
ஒற்றி எடுத்து உள்ளங்கையில் பொத்தியதும்
‘கீ’ என்று கத்தத் தொடங்கியது.
பயந்து விரலை விரித்தேன்.
அடங்கிற்று.
பொத்தினால்தான் கத்துமாம் அது.
விரித்த கையோடே படியிறங்கினேன்.