ஒரு தேக்கரண்டி நட்சத்திரம்

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
என் நிலவு ஒன்று கிழக்கில் எழுகிறது,
இன்னொன்று மேற்கில் இறங்குகிறது.
இரண்டும் முழுநிலவு.

"நடக்காது" என்றான் லுபோர்,
ஓலோமோட்ஸ் நகரத்தின் டிராம் கம்பிகளைப் பழுதுபார்ப்பவன்.
நவம்பர் சனிக்கிழமை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தில் யாரோ கட்டிவிட்ட காகிதச் சனிக்கோள்
என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கிறது.
பூண்டு சூப் வாசம். நாற்பத்தொரு பேர்.
அவர்களில் ஆறு பேர் என் விண்கலத்தின் மாலுமிகளாக உடுத்தி வந்திருந்தார்கள்.
நான் எழுதிய சீருடை சாம்பல் நிறம்,
அவர்கள் தைத்திருந்தது கத்தரிப்பூ நிறம்.
(அதுதான் சரி. எனக்குத்தான் நாற்பது ஆண்டு தாமதம்.)

லுபோர் சண்டைக்கு வரவில்லை.
மன்னிப்புக் கேட்கிற குரல் அவனுக்கு.
கைக்கொரு ஆரஞ்சுப் பழத்தை ஏந்தி
புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றான்:
"முழுநிலவு என்றால் சூரியனுக்கு நேர் எதிர்.
ஒரே சூரியன், ஒரே எதிர்.
இரண்டும் முழுதாய் இருந்தால்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும்."
சொல்லிவிட்டுக் கைகளைச் சிலுவைபோல விரித்தான்.
இரண்டு ஆரஞ்சிலும் பாதி இருட்டு.

கூடம் விழித்துக்கொண்டது.
இரட்டைச் சூரியன் வைக்கலாம் என்றது ஒரு குரல்.
அப்புறம் இரவுக்கு எங்கே போவது என்றது இன்னொன்று.
காற்றின் ஒளிவிலகல், என்றான் ஒரு மாலுமி.
பேனா கொடு, தாள் கொடு, அது பெருக்கல் இல்லை மடையா.
கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மறந்துவிட்டு
சாப்பாட்டைப் பற்றிச் சண்டை போடுவதைப் போல
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
நான் சூப்பைக் குடித்து முடித்தேன்.

தணிக்கை அதிகாரி என் நாவலில் அரசைத் தேடினார்.
விமர்சகர்கள் தேசத்தைத் தேடினார்கள்,
கண்டுபிடித்ததாகவும் எழுதினார்கள்.
நிலாவை நிலாவாக எடுத்துக்கொண்டவன்
இந்த லுபோர் ஒருவன்தான்.

பின்வரிசையிலிருந்து ட்ராஹோமீரா,
இரவுப்பணிச் செவிலி, பின்னல் ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்:
"அந்த மாலுமி பொய் சொல்கிறான்.
பதினோரு மாதம் தனியாய்க் கிடந்தவன்.
என் வார்டிலும் இருக்கிறார்கள்,
ஜன்னல் ஒன்றுதான், இரண்டு என்பார்கள்."

ஆரஞ்சுகள் கீழே இறங்கின.

நான் அதை யோசித்ததே இல்லை.
எண்பத்து மூன்றில் ஒரு சமையலறை மேசை,
தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு விளக்கு.
எந்த முனையிலிருந்து வருவார் என்று தெரியாத ஒருவர்
எந்த முனையிலிருந்தும் வராத இரவு அது.
பார்த்ததை எழுதினேன்.
வானியலைக் கேட்கத் தோன்றவில்லை.

கையெழுத்துக்காக அதே பக்கத்தைத் திறந்து நீட்டினான் லுபோர்.
ஓரமெல்லாம் பென்சிலில் கோணங்கள்.
கடைசியாக, இப்போதுதான் எழுதியது:
"மாலுமி பொய்யன்?"
அந்தக் கேள்விக்குறியின் கீழே
இடம் பார்த்து என் பெயரைப் போட்டேன்.

திரும்பும் ரயிலில் அறிவியல் பத்திரிகை.
நியூட்ரான் நட்சத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்தால்
பல நூறு கோடி டன்னாம்.
எப்போதும் தேக்கரண்டிதான்.
ஒரு முறையாவது குழம்புக் கரண்டி என்று எழுதினால் என்ன?
யார் எடுப்பது, எங்கே கொட்டுவது?
பன்னிரண்டு வயதில் முதலில் படித்தேன்.
எண் அன்றைக்கே மறந்துபோனது.
மணிக்கட்டு மட்டும் மறக்கவில்லை,
இன்றும் சர்க்கரை டப்பாவுக்குள் கரண்டியை விடும்போது
ஒரு கணம் இறுகித் தயாராகும்.

நள்ளிரவு. தேநீர்.
ஜன்னலில் உச்சிக்கருகே ஒரே நிலா, முழுநிலா.
வாழ்நாளில் முதல் தடவையாகக் கணக்குப் போட்டேன்:
அப்படியானால் சூரியன்
என் காலுக்குக் கீழே,
சமையலறைத் தரைக்கும் அடித்தளத்துக் கரிக்குவியலுக்கும்
இந்த மொத்தப் பூமிக்கும் அப்பால்.

செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
தரை சில்லென்றுதான் இருந்தது.