கடல் மட்டத்தில்

எதெல்வீனா டீச்சர் கீழ்ச்சமவெளிக்காரர்.
சாண்டா குரூஸிலிருந்து இரவுப் பேருந்தில்
பொட்டோசிக்கு வந்து பதினோரு நாள்.
இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நின்று
சுவரில் ஒட்டிய கால அட்டவணையைப் படிப்பதுபோல் நடிப்பார்.
மூச்சு வாங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும்.
யாரும் சிரிக்கவில்லை,
வில்பரைத் தவிர.

ஏழாம் வகுப்பு. முதல் சோதனை, கொதிநிலை.
ஒரு ஸ்பிரிட் விளக்கு, விளிம்பு உடைந்த பீக்கர்,
இருபத்தேழு பேருக்கு ஒரே வெப்பமானி.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில்
நூறு என்று முன்னமே போட்டிருந்தது.
முடிவு தெரிந்த பந்தாட்டத்தைப் பார்ப்பவர்களாய்த்
தண்ணீரைச் சுற்றி நின்றோம்.

எழுபது.
எண்பது.
எண்பத்தாறில்
தளதளவென்று கொதித்துவிட்டது தண்ணீர்.
சிவப்புக் கோடு அதற்குமேல் நகரவில்லை,
சுமை கூடிப்போன லாமா
நடுவழியில் படுத்துக்கொள்வதுபோல.

வெப்பமானி பழுது என்றார் டீச்சர்.
எட்டாம் வகுப்பில் இரவல் வாங்கி வந்தோம்.
அதுவும் எண்பத்தாறு.
தீ போதாது என்றார்.
இன்னொரு விளக்கைக் கொளுத்தினோம்.
குமிழ்கள்தான் கூடின.

தெல்ஃபினா கை தூக்கினாள்.
சுரங்க வாசலில் சூப் விற்கும் வீட்டுப் பெண்.
"எங்க வீட்லயும் இப்படித்தான் டீச்சர்.
தண்ணி சட்டுனு கொதிச்சிடும்.
கிழங்குதான் வேகாது."

டீச்சர் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
நூறின் தலைமேல் ஒரு பொடி நட்சத்திரம்.
பக்கத்தின் காலடியில், எறும்பு எழுத்தில்,
*கடல் மட்டத்தில்*.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
ஒரு காலத்தில் இருந்தது, போரில் போனது.
மார்ச் மாதம்தோறும் வெள்ளைச் சட்டை போட்டு
அதைத் திருப்பிக் கேட்டு ஊர்வலம் போகிறோம்.
வகுப்பில் கடலைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.
டீச்சரும் பார்த்ததில்லை என்பது
அன்றுதான் தெரிந்தது.

"யாரோட கடல் மட்டம்?" என்றான் வில்பர்.

திட்டுவார் என்று காத்திருந்தோம்.
அவர் சாக்பீஸ் எடுத்து இரண்டு தூண்கள் வரைந்தார்,
ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இரண்டும் காற்று.
"உங்க தலைமேல காற்று கம்மி.
மூடி லேசா இருந்தா
தண்ணி சீக்கிரம் தப்பிச்சிடும்.
அதனாலதான் எனக்கும் படியில..."
வாக்கியத்தை முடிக்க மூச்சு இல்லை.
இந்த முறை வில்பரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பாறைகள்.
வில்பர் கால்சட்டைப் பையிலிருந்து
கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.
இரண்டாகப் பிளந்த அதற்குள்
வரிவரியாய் முதுகு கொண்ட பூச்சி.
டிரைலோபைட் என்றார் டீச்சர்,
கடலடியில் ஊர்ந்தது,
மனிதர் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பு.

"அப்போ கடல் இங்க வந்திருக்கு" என்றான்,
"படி ஏறி."
டீச்சர் அதற்குக் கரும்பலகையில்
ஒன்றை ஒன்று முட்டும் இரண்டு தட்டுகள் வரைந்தார்.
மணி அடித்துவிட்டது. பாதி மலைதான் எழுந்திருந்தது.

நவம்பரில் லா பாஸிலிருந்து வினாத்தாள் வந்தது.
பன்னிரண்டாம் கேள்வி:
தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
அ, ஆ, இ, ஈ.
எதிலும் எண்பத்தாறு இல்லை.
நான் நூறைச் சுற்றி வட்டம் போட்டேன்.
வில்பர் ஈ-க்குக் கீழே
தானாக ஓர் உ எழுதி,
86 போட்டு, அதற்கு வட்டமிட்டான்.
திருத்தியது இயந்திரம்.
அதற்கு உ தெரியாது.

எனக்கு ஒரு மதிப்பெண். அவனுக்குச் சுழி.
விடைத்தாள் கொடுத்த அன்று
அவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பந்து கேட்டான், கொடுத்தேன்.

இன்று இரவு ஷிஃப்ட் முடிந்து அப்பா வரும்வரை
கிழங்கு கொதித்துக்கொண்டே கிடந்தது, வேகாமல்.
முற்றத்துக்குப் போய்
கனமாய் ஒரு கல் தேடி எடுத்துவந்து
மூடிமேல் வைத்தேன்.