மணிக்கொரு துளி

பத்து மணி: 214.
பதினொன்று: 231.
பம்பின் வேகத்தைக் கூட்டினேன்.
மரியசீலன் கண்ணைத் திறந்து
"மிசி, எனக்குச் சீனி வருத்தம் இல்லை" என்றார்,
களவெடுக்கவில்லை என்று சொல்லும் குரலில்.

இல்லைத்தான். பழைய கிளினிக் கொப்பியில் எங்கும் இல்லை.
நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டிய உடம்புக்குத்
தனக்கு என்ன நடந்ததென்று தெரியாது.
யாரோ துரத்துகிறார்கள் என்றெண்ணி
ஈரலின் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது,
ஓடுவதற்கு.
ஓட எங்கே இடம்?
கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்பு.
இடக்காலில் முழங்கால் தொட்டுக் கணுக்கால் மட்டும் தையல்;
அங்கிருந்த நாளம் இப்போது இதயத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

சீனி கூடினால் காயம் பொருந்தாது,
கிருமிக்கு நாங்களே விருந்து வைத்தது போலாகும்
என்று விளங்கப்படுத்தினேன்.
ஒரு மணிக்கும் சொன்னேன். இரண்டு மணிக்கும்
முதல் தரம் சொல்வதுபோலச் சொன்னேன்.

குருநகர் ஐஸ் கொம்பனியில்
இருபத்தாறு வருசம் கொம்பிரசர் பார்த்தவர்.
அவருடைய இதயத்தையும் குளிரவைத்துத்தான் நிறுத்தினார்கள் என்றபோது
தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு,
நோகாமல், கொஞ்சமாய்ச் சிரித்தார்.
"எத்தினை டிகிரியில?"
எனக்குத் தெரியவில்லை. டொக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மூன்று மணி: 58.
மேலுதட்டில் வேர்வை. விரல்கள் நடுங்கின.
என் பெயரைக் கேட்டார், மூன்றாம் தரமாக.
பம்பை நிறுத்தி டெக்ஸ்ரோஸை எடுத்தேன்.
இரவு முழுக்க எதை விரட்டினேனோ
அதையே கெஞ்சிக் கூப்பிட்டு உள்ளே விட்டேன்.
கால் மணிக்கொருக்கால் குத்தினேன்,
ஒவ்வொரு விரலாக, பக்கவாட்டில்.
வெளியே ஆஸ்பத்திரி வீதியில்
ஓர் ஓட்டோ முக்கி முக்கி ஸ்ராட் ஆகாமல் கிடந்தது.

நாலே கால்: 149.
தெளிந்துவிட்டார். தெளிந்ததும் வழக்குப் பேச வந்தார்.
"உங்கட மெசின் பிழை, மிசி.
கொம்பனியில ஒரு கேஜ் இப்பிடி ஏறி இறங்கினால்
நாங்கள் அதை நம்பமாட்டம்,
கழட்டி வேற லைனில பூட்டிப் பாப்பம்.
உங்கட விரலில ஒருக்கா வையுங்கோ."

பகிடிக்குத்தான்.
புது ஊசி, புதுப் பட்டி.
ஐந்து வினாடி.

267.

"சரியோ?"
"சரி" என்றேன். "மெசின் சரி."

தேத்தண்ணி என்று நினைக்கப் பார்த்தேன்.
தேத்தண்ணி குடித்தது நேற்றுப் பின்னேரம்.
தண்ணீர்ப் போத்தலை இரவில் மூன்று தரம் நிரப்புவதைச்
சித்திரை வெயிலின் கணக்கில் எழுதியிருந்தேன்.
தளர்ந்துபோன இடுப்புப் பட்டியை
நைட் டியூட்டியின் கணக்கில்.
எல்லாருக்கும் கணக்குப் பார்க்கிற பெண்ணின் கணக்கு.

அட்டவணையில் அவருடைய கட்டங்கள் நிறைந்திருந்தன.
என் எண்ணுக்குக் கட்டம் இல்லை.
உள்ளங்கையில் பேனையால் எழுதினேன்.
பிறகு ஒன்பதாம் கட்டிலில் அலாரம் அடித்தது;
அங்கே போகமுதல் கை கழுவவேண்டும்,
சவர்க்காரம் போட்டு, நகவிடுக்கு வரைக்கும்.

ஐந்து மணிக்கு
நான் கேட்கமுன்னமே மரியசீலன் விரலை நீட்டினார்.
"இந்தமுறை ஆருக்கு முதலில?" என்றார்.