வழுவமைதி

பாயான் லெப்பாஸ், ஏழாம் மாடி, இரவு ஒன்பது.
நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்
மஞ்சளாய் ஓடி மறைகின்றன திரையில்.
பாலத்தில் போகும் லாரிகளை
யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்?

காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லையாம்.
வரி நூற்றிருபது எழுத்தைத் தாண்டிவிட்டதாம்
(ஹுவே மின் எழுதினால் தாண்டும்,
அவள் பேச்சும் அப்படித்தான்).
இந்த நச்சரிப்புக்கு நடுவே
மூவாயிரத்து நூற்றேழாவதாக,
அதே மஞ்சளில், அதே எழுத்தளவில்:
பிழையைப் பிடித்த இடத்தில் ஒன்றும் செய்யப்படவில்லை.

சென்ற செவ்வாய் புக்கிட் தம்புனில்
குளிரறையின் உணரி செத்தது.
எங்கள் நிரல் அந்தப் பிழையைப் பிடித்து
வாயைப் பொத்தி உட்காரவைத்தது.
காலையில் கதவு திறந்தவர்
மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை அழைத்தார்.
நானூறு கிலோ இறால்.

"எல்லாவற்றையும் பிழையாக்கு" என்றார் ஃபைருஸ்.
ஆக்கினேன்.
ஓர் இடைவெளி குறைந்ததற்காகப்
பதினோரு பேரின் வேலை வாசலில் நின்றது.
மதியம் நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரித்தபடியே,
"எல்லாவற்றையும் அணைத்துவிடு."

ஐந்தாம் படிவத்தில்
தேர்வுக்குப் படித்துத் தேர்வோடு மறந்தது:
வழாநிலை, வழு, வழுவமைதி.
பிழைதான், ஆனாலும் காரணம் இருந்தால் ஏற்கலாம்.
அமைப்புக் கோப்பைத் திறந்தால்
அதே மூன்றும்
சுழியம், ஒன்று, இரண்டு என்று நிற்கின்றன.

இடைவெளியைக் கருவியே திருத்திக்கொள்ளட்டும்.
வரி நீளத்துக்கு ஒன்று, ஹுவே மின்னுக்காக.
பிடித்த பிழையை விழுங்கினால் இரண்டு; சிவப்பு;
கட்டுமானம் அங்கேயே நிற்கும்.
விதியை விலக்குகிறவர்
காரணத்தை எழுதியாக வேண்டும்.
காரணமில்லாத அமைதி
வெறும் வாய்மூடல்.

ஓட்டினேன்.
நாலாயிரம் வடிந்து முப்பது மஞ்சள், ஒரே சிவப்பு.
குளிரறைக் கோப்பு, அறுபத்தோராம் வரி.
எழுதியது யார் என்று கேட்டேன்.
கருவிக்குத் தாட்சண்யம் கிடையாது:
தேன்விழி த/பெ சன்னாசி,
மூன்றாண்டுக்கு முன் ஒரு வெள்ளி,
மாலை ஆறு ஐம்பத்திரண்டு.

விலக்கு எழுதலாம் என்று
'காரணம்' வரை தட்டினேன்.
ஏழு மணிக்குப் பேருந்து.
அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.
அழித்துவிட்டு
அந்த வெற்று அடைப்புக்குள்
இரவு எந்நேரமானாலும்
என் கைப்பேசியை அலறவைக்கும் வரியை எழுதினேன்.

நூற்றிருபதைத் தாண்டிவிட்டது.
மஞ்சள்.
இருக்கட்டும்.