கதீட்ரல் தீவில் இரவுப்பணி

பெல்லந்தூர், ஆறாம் மாடி, மணி பதினொன்று.
ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு
போலந்தில் ஒரு பாலத்தின்மேல் ஏறுகிறேன்.

ஊரின் பெயர் வ்ரோத்ஸ்வாஃப்.
எங்கள் வரிசையில் எவர் வாயிலும் நுழையவில்லை.
நாகவேணி அதை ‘ரொட்டி சாப்’ ஆக்கினாள்,
அதுவே நிலைத்துவிட்டது.
ஆற்றின் பெயர் மட்டும் சொல்லித்தராமலே வந்தது:
ஓட்ரா.
ஓசூர் ரோட்டில் பச்சை விழுந்த நொடியில்
பின்னாலிருந்து எவனோ கத்துவானே, அதே சொல்.
இந்த ஆறு அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.
ஒரு வாரமாக மூன்று வாத்துகள்
ஒரே அலையில் உட்கார்ந்திருக்கின்றன.

வேலை இதுதான்.
தலையில் கேமராவோடு ஒரு கார்
தீவின் சந்துகளில் போய்வந்திருக்கிறது.
அது எடுத்த படங்களில் மனித முகம் தெரியக்கூடாது.
எந்திரம் முதலில் அழிக்கும்.
அது விட்டதை நான் அழிப்பேன்.
அது தப்பாய் அழித்ததை மீட்பேன்.

தப்பாய் அழித்தது ஏராளம்.
பாலத்துக் கல் புனிதைக்கு முகமில்லை.
எதிரே தாடிக்காரருக்குத் தாடி உண்டு,
அதற்குமேல் வெறும் கஞ்சி.
சுவரோரம் குழந்தையை ஏந்திய மாதா:
குழந்தைக்கு முகம் இருந்தது, அவளுக்கு இல்லை.
அழுத்தினேன். வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை,
என் தோளுக்குப் பின்னால் காபி எந்திரத்தைப் பார்த்தாள்.

சிவாஜி நகர் மாதாவுக்கு செப்டம்பரில் புடவை சாத்துவார்கள்.
அந்த முகத்தை ஒரு கணம் பார்க்க
செருப்பைத் தொலைத்திருக்கிறேன் இரண்டு முறை.
இங்கே ஒரு விரல் போதுமாயிருக்கிறது.
அது சரியா என்று யாரைக் கேட்பது, தெரியவில்லை.

பிறகு அந்தக் கன்னியாஸ்திரீ.
முக்காட்டை வைத்து எந்திரம் ஏமாந்திருக்க வேண்டும்.
சைக்கிளில் வருகிறாள், சின்ன வயது,
கூடையில் முட்டைக்கோஸ்,
கதீட்ரலின் இரட்டைக் கோபுரங்கள் அவள் காதுகளுக்கு மேலே.
யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள்,
பல் தெரியச் சிரிக்கிறாள்.
காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் சிரிப்பைச் சுற்றி ஒரு கட்டம் போட்டேன்.
அன்றைய கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

பாலத்தில் பூட்டுகள் தொங்கும் ஒரு பழைய படம் வந்தது,
ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்.
பெயர்களை அழிக்க வேண்டுமா?
விதிப்புத்தகத்தில் இல்லை.
தனஞ்சயாவைக் கேட்டேன்.
“பூட்டுக்கு மூஞ்சி இருக்கா? விட்டுடு,” என்றார்.
ஒன்றாவது திண்டுக்கல் பூட்டாக இருக்குமோ என்று
பெரிதாக்கிப் பார்த்தேன்.
நாலு பழுப்புச் சதுரம்.

அந்தப் பக்கத்து மேலாளர் மவ்கோஜாத்தா
ஒருநாள் காணொளி அழைப்பில் சொன்னார்,
எல்லாரும் மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது:
தீவில் இன்னும் எரிவாயு விளக்குகள்தாம்.
கறுப்பு மேலங்கி, உயரத் தொப்பி,
அந்தியில் ஒருவர் வந்து
கையாலேயே ஒவ்வொன்றாய் ஏற்றிவிட்டுப் போவார்.

அன்றிலிருந்து தேடுகிறேன்.
விளக்குகள் இருக்கின்றன, எல்லாம் அணைந்தவை.
கேமராக் கார் வெயிலில் மட்டுமே வரும்.
அறுநூறு படங்களாய் அங்கே மணி பன்னிரண்டு.
ஒரு முனையில் கறுப்பாய் யாரோ திரும்பினார்,
நெஞ்சு ஒருமுறை எகிறியது.
குடை வைத்த பெரியவர்.
அவருக்கும் கட்டம் போட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு கேப்.
ஏரியின் நுரை ரோட்டோரம் எட்டிப் பார்க்கிறது,
ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றுகிறார், நாற்றம்.
இப்லூரில் சிக்னல்.
லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர்
கம்பத்துப் பெட்டியின் கதவைத் திறக்கிறார்,
உள்ளே கைவிடுகிறார்.
தெரு முழுக்க விளக்குகள் ஒரே மூச்சில் அணைகின்றன.
கையை லுங்கியில் துடைத்தபடி நிமிர்ந்தவர்
நேராக என்னைப் பார்த்தார்.

என் ஆள்காட்டி விரல்
மடியில் தானாக நகர்ந்தது.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
“ஓட்றா,” என்றான் பின்னால் ஒருவன்.