ஒரு சாண்

அம்பகாமத்தில் நாங்கள் ஏழு பேர்.
வாடகை வீடு, முற்றத்தில் ஒரு குழாய்,
குழாய்க்கட்டில் ஒரு பால்மா ரின்.
அதற்குள் ஏழு பிரஷ்,
இரவு பஸ்ஸில் நித்திரையானவர்கள் மாதிரி
தலையோடு தலை சாய்ந்துகொண்டு.

நாலரைக்கு எழும்ப வேண்டும்.
ஆறுக்கு முதல் கவசம் போட்டுக் கோட்டில் நிற்க வேண்டும்.
கரண்ட் இல்லாத ஒரு விடியலில்
பாதிப் பல் தீட்டின பிறகுதான்
நாக்குக்குப் பிடிபட்டது,
இது என்னுடையது இல்லை.
என்னுடையது சப்பிச் சப்பி விரிந்தது.
இது மெத்தென்றது. பாமதியின் பிரஷ்.
இரண்டும் பச்சை.
மாங்குளச் சந்தியில் ஒரே மட்டையில் வாங்கி
ஆளுக்கொன்றாய்ப் பிய்த்தெடுத்தவை.

கழுவினேன். உதறினேன்.
திரும்ப ரின்னுக்குள் வைத்தேன்.
ஒருத்தரும் காணவில்லை.

வேலையில் நாங்கள் அப்படி இல்லை.
சிவப்புத் தலைத் தடிக்கு அங்கால்
நிழலைக்கூட விழ விடமாட்டோம்.
கருவி முனகினால் முழங்காலில் இருந்து
பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி
சோற்றுக்குள் தலைமயிர் தேடுகிற மாதிரிப் போவோம்.
ஒரு சதுர மீற்றருக்கு அரை நாள் போனாலும்
சுப்பவைசர் ஏசமாட்டார்.
வீட்டுக்கு வந்தால்
ஒரே கோப்பையை வாளிக்குள் அமிழ்த்தி
ஏழு வாய் கொப்பளிப்போம்.

பன்னிரண்டாம் நாள் பாமதிக்குச் சோறு நாறியது.
பிறகு கண் மஞ்சள்.
கொன்சலாதான் முதலில் சொன்னாள், மெல்ல,
சொன்னால் தனக்கும் வந்துவிடும் போல:
"செங்கண்மாரி."

கிளிநொச்சிக்கு வாகனம் போன பின்னேரம்
பி.எச்.ஐ. வந்தார், சின்னப் பெடியன்.
தாங்கியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.
கக்கூசுக்குப் பக்கத்தில் சவர்க்காரம் எங்கே என்று கேட்டார்.
நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.
கடைசியாய் ரின்னைக் கவிழ்த்தார்.
அடியில் கிடந்த தண்ணீர் வழுவழுவென்று இறங்கியது,
மூன்று மாதத்து எங்கள் எல்லாருடைய வாயும்.
"ஐம்பது நாள் வரைக்கும் கவனியுங்கோ."

அன்றிலிருந்து நான்
முகக்கவசக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கிறேன்.
வெயில் மஞ்சளா, நான் மஞ்சளா?
பதினேழாம் நாள். இருபத்துநாலாம் நாள்.
தடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து
எனக்குள்ளேயே ஏதோ முனகுகிறதா என்று காது கொடுக்கிறேன்.

அவள் வருவதற்கு முதல் நாள்
ஞானசோதி ஏழு சோடாப் போத்தலைக் குறுக்கே அறுத்தாள்.
அடியில் ஆணி சுட்டு ஓட்டை,
தண்ணீர் தங்கக்கூடாது.
கக்கூசுக்கு எதிர்ப்பக்கம், காலை வெயில் விழும் சுவரில்,
சாணுக்கொன்றாய் அடிக்கத் தொடங்கினாள்.
ஆறாவது ஆணியோடு நின்றாள்.
பாமதியினதை எங்கே அடிக்கிறது?

கரையில் என்றால் அது ஒதுக்கினது.
எங்கட ஊர்களில் தனிக் கோப்பைக்கு
வேறொரு அர்த்தம் இருந்தது.
எங்களில் இரண்டு பேர் அதை வாயால் அறிந்தவர்கள்.
ஒருத்தி பாமதி.

கழற்றி, திரும்ப அளந்து,
அவளுக்கு நடுவில் அடித்தோம்.

இறங்கினவள் பையை வைக்காமலே சுவரைப் பார்த்தாள்.
எண்ணினாள் என்று நினைக்கிறேன்,
உதடு அசைந்தது.
"எனக்கு மட்டும் எண்டு பயந்தனான்."

அப்போதுதான் சொன்னேன்.
"உன்ர பிரஷால ஒருநாள் நான் தீட்டினனான்."

"தெரியும். ஈரமாக் கிடந்தது.
ஆரோ எண்டு நினைச்சு, அதாலதான் நானும் தீட்டினன்.
சொல்லியிருந்தா எறிஞ்சிருப்பன்.
முப்பது ரூவாச் சாமான்."

கோபமில்லை அந்தக் குரலில்.
இருந்திருக்கலாம்.

இன்றைக்கு நாற்பத்தொன்று.
இருட்டில் என் கை இன்னும்
பழைய ரின் இருந்த இடத்துக்கே போகிறது,
வெறும் சீமெந்தைத் தொட்டுத் திரும்புகிறது.
சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன்.
ரோர்ச்சை அடித்து நூலைப் பார்க்கிறேன்:
என்னுடையது நீலம்.
பக்கத்தில், ஒரு சாண் தள்ளி,
அவளுடையது காய்ந்துபோய் நிற்கிறது, தனியாக,
எங்கள் எல்லாருடையதையும் போல.

இன்னும் ஒன்பது நாள்.